மூலிகைதானே, என்ன செய்துவிடும்?

தென் மாவட்டங்களில் சுடுகாட்டு ஓரங்களிலும் வேலிக்கால்களிலும், ஒருவரும் நீர் வார்க்காத கோயில் பிராகாரத்து மூலைகளிலும், கோடையின் கொடுமையைச் சற்றும் பொருட்படுத்தாமல் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை ஆடுகூடக் கடிப்பதில்லை. மதகாஸ்கர் தீவிலிருந்து புறப்பட்டு உலகின் வெப்ப நாடுகளிலெல்லாம் வேரூன்றிக்கொண்ட இச்செடியின் இலையைக் கஷாயமிட்டு நீரிழிவுக்குக் குடிக்கும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் ஜமைக்காத் தீவிலும் உண்டு. அத்தீவிலிருந்து 1950-களின் தொடக்கத்தில் தபாலுறையில் வந்து சேர்ந்த சில இலைகளைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சியில், கனடா தேசத்து விஞ்ஞானிகளான ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் விலங்குகளின்மீது பரிசோதனைகள் நடத்தினார்கள். வாய்வழியே கொடுத்த சாறு சர்க்கரையைக் குறைக்கவேயில்லை. ஊசிவழியே ஏற்றிய சாறோ எலிகளைச் சில நாட்களிலேயே கொன்றது. ஏன் மடிந்தன என்று பார்த்தபோது, ரத்தத்தின் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்துபோய், சாமானியமான கிருமித்தொற்றுக்கே அவை பலியானது புலப்பட்டது. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே ரத்தப் புற்றுநோயின் சுபாவமாதலால், எலியைக் கொன்ற குணமே மனிதனைக் காக்கும் குணமாகக்கூடும் என்ற எண்ணம் அங்கே உதித்தது. 1958-ல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. சில ஆண்டுகளில் அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினும் வந்தது. ரத்தப் புற்றால் மாண்டுகொண்டிருந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இன்று பிழைத்தெழுவதற்குக் காரணமான மருந்துக் கூட்டில் பின்னது இன்றளவும் நீங்காத அங்கம்.

இந்த வரலாற்றைக் கேட்ட மாத்திரத்தில், "அந்தப் பூவையே பறித்துத் தின்றால் போயிற்று, ஆஸ்பத்திரி எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே அநேகர். அவர்கள் கணக்கைச் சற்றுப் பார்க்கட்டும். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க ஏறத்தாழ அரை டன் உலர்ந்த இலை வேண்டியிருக்கிறது. ஒரு தடவைக்குக் கொடுக்கும் அளவு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. ஆக, ஒரே ஒரு தடவை மருந்துக்கு ஒரு கிலோ காய்ந்த இலை. அந்த ஒரு கிலோவில் வின்கிரிஸ்டின் மட்டுமா இருக்கிறது? எழுபதுக்கும் மேற்பட்ட வேறு காரப்பொருள்களும் கூடவே இருக்கின்றன. அவற்றில் எது எந்த உறுப்பைத் தாக்கும் என்பது இலையை மெல்லுகிறவருக்குத் தெரியாது. பிரித்தெடுத்த மருந்தையோ ரத்தநாளத்தில்தான் ஏற்றலாம். தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் ஏற்றினால் நோயாளி பிழைப்பது அரிது. செடி தந்தது ஒரு சாத்தியத்தைத்தான். அளவும் மார்க்கமும் காலமும் அறிந்து அதைப் பிரயோகித்தபோதுதான் அது ஔஷதம் ஆயிற்று. மூலிகையை ஆங்கில வைத்தியத்துக்கு மாற்றாகக் கொள்ளலாமா என்று இக்காலத்தில் ஓயாமல் நடக்கும் வாதத்தில் இரு தரப்பாரும் தவறவிடுவது இந்த அளவைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

எந்த ஊர் நாட்டு மருந்துக் கடையிலும் சாயங்கால வேளையில் அரைமணி நேரம் நின்றால் இது விளங்கும். சுவர் முழுதும் சிறுசிறு இழுப்பறைகள். கல்லாவுக்கு மேலே சரம்சரமாகத் தொங்கும் பொட்டலங்கள். வசம்பும் சுக்கும் சாம்பிராணியும் கலந்த அந்த வாசனை. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வருகிறார். "அண்ணாச்சி, மூட்டுவலிக்குப் போன தடவை கொடுத்தீங்களே, அந்தப் பொடியே குடுங்க. சுகருக்கும் ஏதாச்சும் சேர்த்துக் குடுங்க" என்கிறார். பித்தளைத் தராசு ஒருமுறை ஆடி நிற்கிறது, தாள் மடிகிறது, நூல் சுற்றுகிறது. "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா அண்ணாச்சி?" "எப்ப வேணா சாப்பிடுங்கம்மா. மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது." அம்மாளின் ரத்த அழுத்தம் என்ன, சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்பார் இல்லை. கடைக்காரரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் வியாபாரி, வைத்தியரென்று சொல்லிக்கொள்ளவுமில்லை. ஆனால் அவர் சொன்ன சமாதானம் இன்று தொலைக்காட்சியிலும், கைப்பேசிக்கு வரும் செய்திகளிலும், பளபளக்கும் டப்பாக்களின் மேலும் "பக்கவிளைவு அற்றது" என்ற கம்பீரமான உடையில் உலாவுகிறது. உடம்பில் ஒன்றுமே செய்யாத பொருள் நோயை மட்டும் எங்ஙனம் தீர்க்கும்? நோயைத் தீர்க்கும் வீரியம் அதற்கு உண்டென்றால், அந்த வீரியம் நோயுள்ள இடத்தோடு மரியாதையாக நின்றுவிடும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்?

சித்த வைத்திய சாஸ்திரம் அப்படியொரு உத்தரவாதத்தைக் கொடுக்கவில்லை. நேர்வாளத்தைச் சாணநீரில் வேகவைத்து, தோலையும் உள்முளையையும் அகற்றிச் சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்க்க வேண்டும் என்றும், சேராங்கொட்டையை மூக்கு நீக்காமல் தொடலாகாது என்றும், வச்சநாபியைக் கோமூத்திரத்தில் ஊறவைத்து அதன் விஷத்தை அடக்காமல் உபயோகிக்கலாகாது என்றும் விதித்தவர்கள், மூலிகை என்பது மனிதனுக்கு என்றும் இனியதே என்று நம்பியவர்களாக இருக்க முடியாது. மருந்தின் ஆயுளுக்கும் அவர்கள் கணக்கு வைத்தார்கள்: சாறும் குடிநீரும் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம், சூரணம் மூன்று மாதம். விடியற்காலையில் காய்ச்சி வெந்நீர்க் குடுவையில் ஊற்றி, பொழுது சாயும்வரை வருவோர் போவோருக்கெல்லாம் வழங்கும் கபசுரக் குடிநீரையும், எந்த மாதம் இடித்ததென்றே தெரியாத பொட்டலத்துப் பொடியையும் அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு வகையாலும் நோயாளியைச் சோதித்தே மருந்து கொடுக்க வேண்டும் என்பதும், மருந்துக்கேற்ற பத்தியம் காக்க வேண்டும் என்பதும் அந்த மரபின் கட்டளைகள். இவை அனைத்தையும் உதறிவிட்டு, இலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குச் சித்தர்களின் திருநாமத்தைச் சூட்டி விற்கிறவர்கள் மரபைக் காக்கிறார்கள் என்று சொல்வது அந்த மரபுக்கே இழைக்கும் அவமானம்.

அளவு தவறினால் மருந்தே விஷமாகும் என்பதற்கு நம் மாநிலத்து மலராகிய செங்காந்தளைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரங்களில் பந்தல் போட்டுக் கொடி ஏற்றி, காலை வேளையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டுவைத்து, குழந்தையைப்போலப் பேணி வளர்க்கிறார்கள் விவசாயிகள். அவர்கள் வாயில் அதற்குக் கண்வலிக்கிழங்கு என்றே பெயர். அதன் விதை அந்நிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது; அதிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், கால் பெருவிரலில் தீப்பற்றினாற்போல் வலிக்கும் கௌட் என்னும் வாதநோய்க்கு உலகமெங்கும் வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் மாத்திரை. மாத்திரையின் அளவு அரை மில்லிகிராம். அதே செடியின் கிழங்கை வேறொரு கிழங்கென்று நினைத்து வேகவைத்துத் தின்றவர்களையும், உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டுமென்றே அரைத்துக் குடித்தவர்களையும் நம் அரசு ஆஸ்பத்திரிகள் நெடுங்காலமாகக் கண்டுவருகின்றன. முதலில் வாந்தியும் பேதியும். பிறகு எலும்பு மஜ்ஜை ஒடுங்குதல். தப்பிப் பிழைத்தவர்களுக்குத் தலைமயிர் கொட்டுதல். இதற்கு முறிவு மருந்தென்று நம் ஆஸ்பத்திரிகளில் கையிருப்பு எதுவும் இல்லை. மருந்தும் விஷமும் இரு வேறு பொருள்கள் அல்ல என்பதை அந்த வட்டாரத்து விவசாயி நன்றாக அறிவார். விதை உடைத்த கையைக் கழுவாமல் சோற்றில் வைக்க மாட்டார்.

இனிக் கீழாநெல்லிக்கு வருவோம். தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலை என்றவுடன் வாயில் வரும் முதற் சொல் அதுதான். விடியற்காலையில் வெறும் வயிற்றில், வேரோடு பிடுங்கி அரைத்த விழுதை மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலந்து கொடுத்து, உப்பும் எண்ணெயும் தள்ளிப் பத்தியம் இருக்கச் சொல்லும் குடும்பங்கள் எத்தனையோ ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் காசு வாங்குவதுமில்லை. இந்தச் செடியை ஆய்வுக்கூடத்தின் வாசலுக்கு அழைத்துச் சென்றவர்களில் முதன்மையானவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன். ஹெப்பாடிடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க் இவ்வாராய்ச்சியில் துணைநின்றார். 1988-ல் 'லான்செட்' பத்திரிகையில் இவர்கள் வெளியிட்ட முடிவு உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தது: அந்த வைரஸை நெடுநாளாக உடம்பில் சுமந்துகொண்டிருந்த 37 பேருக்கு 30 நாட்கள் கீழாநெல்லித் தூளைக் கொடுத்துப் பின்னர்ச் சோதித்தபோது, 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது, வெறும் போலி மருந்து கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு மறைந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் தமிழ் மருத்துவத்தின் கொடி உலகெங்கும் பறந்திருக்கும். ஆனால் விஞ்ஞானத்தின் வழக்கம் பொல்லாதது. ஒருவர் கண்டதை வேறொருவரும் காண வேண்டும் என்று அது பிடிவாதம் பிடிக்கிறது. தாய்லாந்திலும் நியூஸிலாந்திலும் பிறரும் இதே செடியைக் கொடுத்துப் பார்த்தபோது அந்த அற்புதம் மீண்டும் நிகழவில்லை. அதுவரை நடந்த பரிசோதனைகளை 2011-ல் திரட்டிச் சீர்தூக்கிய காக்ரன் ஆய்வு, போலி மருந்தைவிட இது மேலானது என்று நம்பத் தகுந்த பிரமாணம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஏன் இவ்வாறு மாறிற்று என்பதற்குப் பல சமாதானங்கள் கூறப்பட்டன: மண்ணுக்கு மண் செடியின் சத்து வேறுபடலாம், நோயாளிகளின் வயதும் நோயின் காலமும் வேறுபட்டிருக்கலாம் என்றெல்லாம். கீழாநெல்லி என்ற பெயரில் கடைகளில் விற்பதில் அதன் பங்காளிச் செடிகள் பல கலந்திருப்பதும் தெரிந்த விஷயமே. 1988-ன் செய்தியை இன்றும் மேடைதோறும் சொல்லி, அதற்குப் பின் வந்ததைச் சொல்லாமல் விடுகிறவர்களும், பின் வந்ததை மட்டும் காட்டிச் செடியையே பரிகசிக்கிறவர்களும் எனக்கு ஒரே ஜாதியாகத்தான் தோன்றுகிறார்கள்.

அப்படியானால் ஊர்தோறும் கீழாநெல்லி குடித்துக் குணமானவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்களுக்கு வந்த காமாலையில் பெரும்பகுதி அசுத்த நீரால் பரவும் ஹெப்பாடிடிஸ் ஏ போன்ற வகையைச் சேர்ந்தது. அது பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு மாதத்தில் தானாகவே இறங்கிவிடும். எந்த மருந்தும் உண்ணாதவருக்கும் இறங்கும். இறங்கும் காலத்தில் எது கையில் இருந்ததோ அதற்குக் கியாதி சேர்கிறது. ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், காமாலை என்பது ஒரு நோயன்று, பல நோய்களின் வெளிநிறம் என்பதை மறந்துவிடுவதில் இருக்கிறது. பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். கணையத்தில் புற்று முளைத்தாலும் மஞ்சளாகும். நிறைமாத கர்ப்பிணிக்கு வரும் ஹெப்பாடிடிஸ் ஈ, ஐந்தில் ஒருவரைக் கொள்ளைகொள்ளும் அளவுக்குக் கொடியது. இவர்களுக்குப் பத்தியமிருக்கும் ஒவ்வொரு நாளும் கைதவறிப் போகும் நாள். இலை கெடுதல் செய்யவில்லை. இலைக்காகக் காத்திருந்த காலம் கெடுதல் செய்தது.

டெங்குவிலும் இதே மயக்கம்தான். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பற்படாகம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என்னும் ஒன்பது சரக்குகளும் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை அரசாங்கமே வீதிதோறும் வழங்கிய ஆண்டுகளை நாம் மறந்துவிடவில்லை. பப்பாளி இலைச்சாறு வேறு வீட்டுக்கு வீடு இடிபட்டது. டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் சில நாள் சரிந்து, பிறகு உடம்பு தேறத் தேறத் தாமே ஏறுவது அந்நோயின் இயற்கைப் போக்கு. உயிருக்கு ஆபத்தான கட்டமோ காய்ச்சல் விட்ட பிறகு வருகிறது. ஜுரம் தணிந்ததென்று வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்த ஓரிரு நாட்களில்தான் ரத்தநாளங்களிலிருந்து நீர் கசிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போகிறார். அப்போது அவருக்கு வேண்டியது அளவறிந்து ஏற்றும் திரவம். குடிநீர் குடித்ததால் கேடில்லை. குடித்தோமே என்ற தைரியத்தில் வயிற்றுவலியையும் ஓயாத வாந்தியையும் அலட்சியம் செய்வதில்தான் கேடு.

நீரிழிவு இன்னும் நுட்பமானது. சிறுகுறிஞ்சான் இலை ஒன்றை நன்றாக மென்று, பின் ஒரு கரண்டி சர்க்கரையை நாவில் இட்டால் தித்திப்பே தெரியாது. மணலைத்தான் மெல்லுகிறோமோ என்று தோன்றும். இந்த வித்தையைக் கண்ணெதிரே காட்டிவிட்டால் எப்பேர்ப்பட்ட சந்தேகக்காரரும் மனம் இளகிவிடுவார். அந்த இலையின் அமிலப்பொருள் நாவின் இனிப்புச் சுரணையை அடைக்கிறது என்பது உண்மை. சர்க்கரையைச் சற்றுக் குறைக்கவும் கூடும் என்று சென்னையிலேயே 1990 வாக்கில் ஆய்வுகள் வந்ததும் உண்மை. அவற்றிலும் வழக்கமான மருந்தோடு சேர்த்தே இலைச்சத்தைக் கொடுத்தார்கள். ஆனால் கணையம் இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிட்ட ஒரு குழந்தைக்கு இன்சுலினை நிறுத்திவிட்டுப் பொடி கொடுக்கலாம் என்று சொல்லுகிற வாய் மகாபாதகம் செய்கிறது. 1922 ஜனவரியில் டொராண்டோ நகரத்தில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்படுவதற்கு முன்பும் இந்த மண்ணில் சிறுகுறிஞ்சான் இருந்தது, ஆவாரம்பூ இருந்தது, பாகலும் வெந்தயமும் இருந்தன. இருந்தும் அவ்வகை நீரிழிவு கண்ட குழந்தைகள் ஓராண்டு ஈராண்டுக்குள் உருகி மாண்டார்கள். புற்றுநோய் விஷயமும் அப்படியே. ஆரம்ப நிலையில் புற்று கண்டவர்களில், வழக்கமான சிகிச்சையை ஒதுக்கிவிட்டு மாற்று முறையை மட்டும் நாடிய 281 பேரைப் பற்றி யேல் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, மற்றவர்களைவிட இவர்கள் மாளும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்றது. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல்.

செடியை இனம் கண்டுபிடிப்பதே தனி வித்தை. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில்கொடியை நாடெங்கும் அள்ளியள்ளிச் சாப்பிட்டார்கள். 2021-ல் மும்பை வைத்தியர்கள் சிலர், அவ்வாறு சாப்பிட்டு ஈரல் பழுதானவர்கள் ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். அது சீந்திலே அல்ல, அதைப் போன்ற வேறொரு கொடியாக இருக்கலாம் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்த மறுப்பே சரியென்று வைத்துக்கொண்டாலும் கொடி வாங்குகிறவருக்கு அதில் ஆறுதல் என்ன இருக்கிறது? பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்தது இதைவிடப் பயங்கரம். உடல் இளைக்கும் சிகிச்சைக்கென்று ஒரு நிலையத்துக்குச் சென்ற பெண்களுக்கு, ஒரு சீன மூலிகையின் இடத்தில் அதனோடு பெயரொற்றுமை கொண்ட மற்றொன்று வந்துசேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் அவர்களிற் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று கண்டது. தவறிப் புகுந்த அந்தச் செடி அரிஸ்டோலோக்கியா குலத்தைச் சேர்ந்தது. நம் ஊர்களில் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் கொடுக்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே குலம். அந்தச் சிறுநீரகங்களைக் கெடுத்த அமிலம் அவற்றிலும் இருக்கிறது. ஆடு தின்னாததை மனிதன் யோசித்துத் தின்னலாம் அல்லவா?

வேறு கலப்படங்களும் உண்டு. 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேதப் பொருள்கள் 70-ஐச் சோதித்தபோது, 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. மூட்டுவலிப் பொடியிலும் ஆஸ்துமாப் பொடியிலும் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துச் சேர்க்கும் தந்திரத்தை முடநீக்கியல் வைத்தியர்களும் நுரையீரல் வைத்தியர்களும் பல்லாண்டாக அறிவார்கள், முகம் பூரித்து, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து வருகிறவரைக் கண்டதுமே, "என்ன பொடி சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கும் அனுபவம் அவர்களுக்கு வாய்த்துவிட்டது. மூன்றே நாளில் வலி பறந்தது என்று யாரேனும் ஒரு பொடியைப் புகழ்ந்தால் எனக்கு முதலில் எழுவது இந்தச் சந்தேகம்தான்.

சட்டம் இல்லாமலில்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் 1964-ல் இந்திய மருத்துவத்துக்கென்று தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட பழைய நூல்களில் உள்ளபடி மருந்து செய்கிறவர் புதிதாக நோயாளிகள்மீது பரிசோதனை நடத்தி நிரூபிக்க வேண்டியதில்லை. நீரிழிவு, புற்று முதலிய 54 வியாதிகளைத் தீர்ப்பதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யலாகாது என்று 1954-லேயே மற்றொரு சட்டம் வந்தது. அச்சட்டம் ஏட்டில் இருக்கிறது. விளம்பரமோ இரவு பதினொரு மணிக்கு எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் இருக்கிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, ஜனங்கள் ஏன் மூலிகையை நாடிப் போகிறார்கள் என்பதைக் கேட்காமல் விடுவது நேர்மையாகாது. அறியாமையால் என்று சொல்லிவிட்டு ஆங்கில வைத்தியர்கள் கைகழுவிக்கொள்ளும் சுலபத்தில் எனக்குச் சம்மதமில்லை. காலையிலிருந்து காத்துக் கிடந்தவருக்கு இரண்டு நிமிஷமும் ஐந்து பரிசோதனைச் சீட்டும் கிடைக்கிற இடத்தில், கையைப் பிடித்து நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, ராத்திரி தூக்கம் எப்படி, மலம் எப்படி என்று விசாரித்து, மருமகளோடு சமரசமா என்பதுவரை கேட்கிற சித்த வைத்தியர் தெய்வமாகத் தெரிவதில் வியப்பென்ன? ஆயுள் முழுதும் மாத்திரை என்ற வாக்கியத்தை ஒரு தண்டனைபோல் உச்சரித்து அனுப்புகிறவரைவிட, நாற்பத்தெட்டு நாள் ஒரு மண்டலம் என்று கால எல்லை சொல்லுகிறவர்பால் மனம் சாய்வது மனித சுபாவம். செலவும் ஒரு காரணம்; அதைவிட, தன் உடம்பைப் பற்றித் தனக்கும் ஏதோ தெரியும் என்ற கௌரவத்தை மூலிகை திருப்பித் தருகிறது.

அந்த வைத்தியத்தைக் கற்றுத் தேர்ந்தவர்களும் நம்மிடையே இல்லாமலில்லை. சுதேச வைத்தியத்தைப் பற்றி ஆராய்ந்த உஸ்மான் குழுவின் சிபாரிசைத் தொடர்ந்து 1925-ல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. பாளையங்கோட்டையில் 1964-ல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி எழுந்தது. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் தேசிய சித்த நிறுவனம் திறக்கப்பட்டது. ஐந்தரை ஆண்டு படித்து வெளியேறும் சித்த வைத்தியர் எது தம் கைக்குள் அடங்கும், எது அடங்காது என்பதை அறிவார். மார்வலியோடு வந்தவரைச் சூரணம் கொடுத்து உட்காரவைக்க மாட்டார். கட்டிய சளியை இளக்கும் ஆடாதோடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றியே புரோம்ஹெக்சின் என்ற மருந்து உண்டாயிற்று. இன்று எல்லா மருந்துக் கடையிலும் இருமல் திரவமாக விற்கும் அம்புராக்சால் அதன் வழிவந்தது. திருநெல்வேலிச் சீமையின் நிலாவரை தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறி, 'டின்னவேலி சென்னா' என்ற பெயரோடு மேல்நாட்டு மருந்துப் பட்டியலிலேயே ஏறி உட்கார்ந்தது. மலச்சிக்கலுக்கு இன்றும் லண்டன் வைத்தியரும் அதைத்தான் எழுதுகிறார். செதில் உதிரும் சருமத்துக்கு வெட்பாலைத் தைலம், செரியாமைக்கு ஓமமும் சுக்கும், தொண்டைக் கமறலுக்கு அதிமதுரம் என்று, நாட்பட்டதாயினும் உயிருக்கு ஆபத்தில்லாத உபத்திரவங்களில் மூலிகையை நாடுவதில் தவறு காண நான் தயாராயில்லை. சீன தேசத்தின் தூ யூயூ, கோ ஹோங் என்பவர் நான்காம் நூற்றாண்டில் எழுதிய நூலில் மலேரியாவுக்குச் சொன்ன செடியைக் கொதிக்கவைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கவனித்து, சூடு தாக்காமல் சத்தைப் பிரித்து, 1971-ல் 191-ஆம் மாதிரியில் வெற்றிகண்டு, 2015-ல் நோபல் பரிசு பெற்றார். பழைய ஏட்டை அவர் வணங்கி மூலையில் வைத்துவிடவில்லை, சோதித்தார். முதலில் தாமே குடித்தும் பார்த்தார்.

ஆயினும் ஓமமும் அதிமதுரமும்கூடத் தனியே உடம்புக்குள் போவதில்லை. வேறு மாத்திரைகள் ஏற்கெனவே குடியிருக்கும் உடம்புக்குள் போகின்றன. அதிமதுரத்தை நாள்தோறும் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்; அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற பாகவதருக்கு இது சிறிய விஷயமன்று. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் பூண்டுச் சாற்றை லேகியமாக விழுங்கினால் பல் பிடுங்கும் நாளில் ரத்தம் நிற்பது சிரமம். அமுக்கராச் சூரணம் தைராய்டுக் கணக்கைக் குழப்பும். இவற்றைத் தடுக்கும் அறிவு இரு தரப்பு வைத்தியர்களிடமும் இருக்கிறது. இல்லாதது நோயாளி வாய்திறக்கும் சந்தர்ப்பம். ஆங்கில வைத்தியரிடம் கஷாயத்தைச் சொன்னால் திட்டுவார் என்று மறைக்கிறார்; சித்த வைத்தியரிடம் இங்கிலீஷ் மருந்தைச் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று மறைக்கிறார். தமிழ்நாட்டின் பல அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரே வளாகத்துக்குள் ஆங்கில வைத்தியருக்கு ஓர் அறையும் சித்த வைத்தியருக்கு ஓர் அறையும் இருக்கின்றன. ஒரே வேப்பமர நிழலில் காத்திருந்து, காலையில் இங்கும் பிறகு அங்குமாக நுழைந்து வருகிறவர் கையில் இரண்டு தனித்தனிச் சீட்டுகள். இவர் எழுதியதை அவர் பார்ப்பதில்லை, அவர் எழுதியதை இவர் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே அட்டையில் எழுதுவதற்குப் பாராளுமன்றச் சட்டம் வேண்டியதில்லை. நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை. மாவட்ட சுகாதார அதிகாரியின் ஒரு சுற்றறிக்கை போதும்.